வராதவர்கள் பட்டியல்

ஸஜாவில் எங்கள் கேம்ப்புக்கு எதிரே
கோழித்தீவனக் கிடங்கு,
அதை ஒட்டி ஒரு கஃப்டீரியா.
குயின்சி மேடம் ரெக்கார்டரை
கரக் டீக்குப் பக்கத்தில் வைத்தார்.
பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம்,
ஓர் எண் தருகிறேன் என்றார்.
எனக்கு எண் புதிதில்லை.
பதினோரு வருடமாக நான் 4417.
அவர் தாளில் பதினான்கு.
கூட்டம் குறைந்த இடம்தான், பரவாயில்லை.

யார் தொடங்கியது?

யாரும் தொடங்கவில்லை மேடம்.
நாலரைக்கு ஏழு பஸ் வந்து நின்றது.
எல்லய்யா ஷூ லேஸ் கட்டக் குனிந்தான்.
நிமிரட்டும் என்று பின்னால் மொஃபிஜுல் நின்றான்.
மொஃபிஜுல் நிற்பதால் தில்பகதூர்.
எல்லய்யா கட்டி முடித்தான்.
பிறகும் நிமிரவில்லை.

இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர்?

சொன்னார்.
வலைப்பின்னல், வளம், வாய்ப்பின் திறப்பு.
ஒன்றும் தப்பில்லை.
வலைப்பின்னல், குளியலறை வரிசை.
வளம், மூன்றாம் பிளாக்கில் மிச்சமிருந்த ஒன்றரை மூட்டை அரிசி.
வாய்ப்பு, அந்த வாரம் பி.ஆர்.ஓ. லீவில் போயிருந்தார்.

குறைகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போடச் சொன்னார்.
மூன்று மாதச் சம்பளம், ஐந்து.
தொட்டித் தண்ணீரின் கொதிப்பு, நான்கு.
'எத்தனை நஃபர் ஏறியாச்சு?' என்று
ஃபோர்மேன் பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவானே, அது?
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் தாள்.
நான் டைம்கீப்பர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயருக்கு நேரே 'ஏ' போட்டவன்.
கார்பன் பிரதியைச் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்திருந்தேன்,
ஊறுகாய் எண்ணெய் ஒரு மூலையில்.

இதைப் பார்த்துத்தான் மேடம்
கம்பெனி நாற்பது பேருக்கு டிக்கெட் எடுத்தது.
இதையே நீங்கள் ஆதாரம் என்கிறீர்கள்.
ஆதாரத்தில் ஒரு பொய்யும் உண்டு.
எல்லய்யாவுக்கு நேரே 'க்ளினிக்' என்று எழுதினேன்.
அவனையும் அனுப்பினார்கள்.

விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்தார்.
ஓரிடத்தில் நின்றது விரல்.
4417. 'பி'.
என் கையெழுத்துதான்.

கடைசி பஸ்ஸில் நான் ஒருவன் உட்கார்ந்திருந்தேன்.
எனக்காக மட்டும் ஏசி ஓடியது.
ஜன்னல் வழியேதான் எண்ணினேன் எல்லோரையும்.
கதவு மூடவே இல்லை, ஆறேகால் வரை.

ஏன் இறங்கவில்லை?

அது அவர் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.
பேனாவை மூடிவிட்டுத்தான் கேட்டார்.

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.
கிடங்கில் ஒரு லாரி பின்வாங்கும் பீப் பீப்,
கடைக்காரர் யாரிடமோ பாக்கி கேட்கும் மலையாளம்.
பிறகு, இதை எழுதும்போது என்ன செய்வீர்கள் என்றேன்.

'மௌனம்' என்று போட்டு
எத்தனை நொடி என்றும் குறிப்போம் என்றார்.
பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: நாற்பத்தொன்று.

டைம்கீப்பர் இல்லையா,
நானும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.
சரியாக இருந்தது.