கிளியர் எண்டால்

மாங்குளத்தில், புதன்கிழமை பின்னேரம்,
தகரக் கொட்டிலுக்குள் பதினொரு பேர்.
படிப்பிக்கிற கஜவதனன் என்னிலும் பன்னிரண்டு வயசு இளமை.
'சேர்' எண்டு நான் கூப்பிட்டால்
காது இரண்டும் சிவக்கும் அவனுக்கு.
குழுத் தலைவிச் சோதினைக்கு எனக்கு ஆங்கிலம் வேணும்.
இண்டைக்கு ஒரேயொரு வினைச்சொல்.

கிளியர்.

பலகையில் எழுதுறான்:
துப்புரவாக்கு, அகற்று, தாண்டு, தீர், தெளி.
சோக்கு முறிஞ்சு விழுந்திட்டுது.
நான் சிரிச்சது சோக்குக்கு எண்டு நினைச்சிருப்பான்.
பத்து வருசமாய் இந்தச் சொல்லில்தான்
எனக்குச் சம்பளம்.
எழுத்துக் கூட்டத்தான் தெரியாது.

காலமை ஆறரைக்கு அம்பகாமம்.
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
முழங்காலுக்குக் கீழ் ஒரு சதுர மீற்றர்.
கருவி அழும்.
எல்லாத்துக்கும் அழும்:
மீன்ரின் மூடிக்கு, வேலிக் கம்பிக்கு,
சைக்கிள் மணிக்கு.
எதுக்கு அழுகுது எண்டு அதுக்கே தெரியாது.
நான்தான் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டிப் போய்
முகம் பார்க்கவேணும்.
பின்னேரம் கேட்பினம்: எத்தனை கிளியர்?
ஏழு, எண்டு சொல்லுவன்.
ஒரு மாடு தாராளமாய்ப் படுக்கிற அளவு நிலம்.

'எதை எண்டு கேட்டால் விடை வரவேணும்.
செயப்படுபொருள் இல்லாமல் வசனம் நிக்காது'
எண்டான் சேர்.

எனக்குப் பத்து வயசில்
எங்கட பக்கத்துக்கு ரேடியோவில் ஒரு பேர் இருந்தது.
கிளியர் செய்யப்படாத பகுதி.
அம்மா அண்டைக்கும் சாணி தெளிச்சு,
கிணத்தடிப் பாசியைத் தென்னம்பொச்சால் தேய்ச்சுக்கொண்டு நிண்டவ.
இதைவிட வேற என்னத்தைத் துப்புரவாக்கிறது எண்டு
எனக்கு விளங்கேல்லை.
ரேடியோ
எதை எண்டு சொல்லவுமில்லை.
பிறகு கிளியர் பண்ணினவை.
அப்பதான் தெரிஞ்சது,
செயப்படுபொருள் நாங்கள்.

வீட்டுவேலைக்குப் பத்து வசனம்.
வியாழக்கிழமையில் வாற லோன்காரப் பெடியன்
எனக்கு ஒண்டைச் சும்மா தந்தான்:
'அக்கா, போன கிழமையான் கட்டையும் சேர்த்துக் கிளியர் பண்ணுங்கோ.'
டோகாவுக்குப் போக நிக்கிற ஜெசிந்தாவுக்குப்
பொலிஸ் கிளியரன்ஸ் இன்னும் வரேல்லை,
அது பெயர்ச்சொல்லாம், சேர் வெட்டிப்போட்டான்.
கடைசியாய் எழுதினன்:
மழை விட்டது, வானம் கிளியர் ஆனது.
சிவப்பு மையால் சரி போட்டு,
'இதில செயப்படுபொருள் தேவையில்லை, அக்கா.
தானாய் நடக்கும்' எண்டான்.

தானாய்.

இந்தச் சொல்லுக்கு
அப்படியும் ஒரு பாவனை இருக்கெண்டு
பத்து வருசத்தில் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

எல்லாரும் போனபிறகு
சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.
'நீங்கள் அம்பகாமத்தில் எந்தப் பக்கம்?'
குளக்கட்டுக்குக் கீழ, எண்டன்.
'வாய்க்காலுக்கு அங்கால
இரட்டைப் பாலை நிக்கிற காணி எங்கட.
வெளிக்கிடேக்க எனக்கு ஏழு வயசு.
எப்ப கிளியர் ஆகும்?'

பலகையைப் பார்த்தன், அழிக்காமல் கிடந்தது.
ஆகும் எண்டு கேட்டான்,
ஏதோ மழை மாதிரி.
நான் திருத்தேல்லை.

மூண்டாம் மாதம் அந்தக் காணிக்குள் இறங்கினம்.
பாலை ஒண்டுதான் நிண்டது.
நாலாம் நாள், பத்து மணி வெயிலுக்கு,
கருவி அழுதது.
கையளவு மண் எடுக்க
ஒரு பூட்டு.
பூட்டினபடியே, திறப்பு உள்ளுக்குள் முறிஞ்சு.
இரும்பு எது வந்தாலும் வாளிக்குள் போடவேணும், அது விதி.
போட்டன்.
சத்தம் பெரிசாய்க் கேட்டது.

பின்னேரம்,
'இண்டைக்கு ஏன் ஆறு?' எண்டு கேட்டினம்.

தொண்டையைக்
கிளியர் பண்ணிக்கொண்டன்.