இருபது கிராமுக்குள்

ஸெனித்ஸா தபால் நிலையத்தில் பத்தொன்பது வருடம்
தராசுக்குப் பின்னால் இருந்தவள் நான்.
இந்த வாரம் அதே தராசோடு
காவல் நிலையத்தின் கீழ்த்தளத்தில்.
ஆயுத ஒப்படைப்பு. பெயர் கேட்கமாட்டோம் என்று
கதவில் ஒட்டியிருக்கிறது.
பெயரைச் சொல்லாமல் யாரும் போவதில்லை.

இரும்பு மேகசின், காலியாக: முந்நூற்று அறுபது.
முப்பதும் நிறைந்தால்: எண்ணூற்று ஐம்பத்தைந்து.
ஒரு தோட்டா பதினாறரை கிராம்.
இருபதுக்குள் என்றால் சாதாரணக் கடிதம்,
ஒரே ஒரு ஸ்டாம்பு.
கை தானாக இழுப்பறையைத் தேடுகிறது.

உள்ளே மர்மம் ஒன்றுமில்லை.
அடியில் சுருள்வில், அதன் தலையில் ஒரு தட்டு,
தட்டின் மேல் தோட்டாக்கள்
இடமும் வலமுமாக, ஜிப்பின் பற்கள் மாதிரி.
உச்சியில் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள்
மேலே இருப்பதை மட்டும் கவ்வி நிற்கும்.
கடைசியாக ஏறியது முதலில் இறங்கும்.
எங்கள் ஊர்ப் பேருந்திலும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை ஷெஃபிகா வந்தாள்.
மாவுப் பைக்குள் துண்டு, துண்டுக்குள் அது.
"ஸுல்ஃபோ வைத்தபடியே இருக்கிறது,
முப்பது வருடம் நான் தொட்டதில்லை."

தராசு சொன்னது: எண்ணூற்று முப்பத்தெட்டு.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
எண்ணூற்று முப்பத்தெட்டு.
பக்கத்து மேசைக்காரன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி
முட்டை அட்டையில் நிறுத்தினான்.
இருபத்தொன்பது.
ஒரு குழி காலி.

அவள் அந்தக் குழியையே பார்த்தாள்.
மேலே இருந்தது. முதலில் போவது.

சொன்னேன்:
"பலரும் ஒன்றைக் குறைத்துத்தான் போடுவார்களாம்,
சுருளுக்குக் கொஞ்சம் மூச்சு விட."
பொய்யில்லை. வந்தவர்களில் நாலைந்து பேர்
இதையே சொல்லியிருக்கிறார்கள்.

"காப்பிக் கோப்பையைக்கூட
விளிம்பு தளும்பத்தான் ஊற்றுவான்," என்றாள் ஷெஃபிகா.
"எதையும் குறைத்து நிரப்பியவன் இல்லை."

பிறகு கேட்டாள், தபால்காரியைக் கேட்பது போலவே:
"ஒன்று போயிருந்தால்
எங்கே போய்ச் சேர்ந்தது என்று
உங்களிடம் ஏதாவது பதிவு இருக்குமா?"

இல்லை, என்றேன்.
ரசீதில் எழுதினேன்: மேகசின் ஒன்று, தோட்டா இருபத்தொன்பது.
அவள் துண்டை மட்டும் மடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

போன பிறகு காலி மேகசினை எடுத்து
தட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன்.
அழுந்தியே கிடந்தால் சுருள் சோராதாம்,
அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு,
அதில்தான் களைத்துப்போகுமாம்.
இது களைக்கவில்லை.
விரலை அப்படியே ஏந்தி
மேலே கொண்டுவந்து விட்டது.

வரிசையில் அடுத்தவர்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.