ஒன்பதாவது மாடி

தட்டில் இருபத்து நான்கு குழிகள்.
யாரோ ஒருவருடைய ரத்தத்தைப் பின்னோக்கி நடத்தி,
கருவாக்கி, மறுபடி முன்னோக்கி நடத்தி,
இதயமாக இருக்கச் சம்மதிக்க வைத்த செல்கள்.
பன்னிரண்டாம் நாள் தாமாகத் துடித்தன.
அன்றைக்கு ஹஸ்லினா
ஆய்வுக்கூடம் முழுவதற்கும் கரிபாப் வாங்கி வந்தாள்.
உடம்பு இல்லை, பெயர் இல்லை,
பயப்பட ஒன்றும் இல்லை.
இருந்தும் துடிப்பு,
நிமிடத்துக்கு நாற்பத்தொன்று.
மேசை விளிம்பில் விரலால் தட்டி எண்ணுவேன்.
கருவியும் எண்ணும். எனக்கும் தெரியும்.

பாதிக் குழிகளுக்குக் கிருமி கொடுத்தோம்,
மூன்று கதவுகளுக்கு அப்பால்,
சொந்த மூச்சு முகக்கண்ணாடியில் பனிக்க.
முதல் நாள் எதுவும் இல்லை.
இரண்டாம் நாள் ஒரு தடுமாற்றம்,
ஈரப் படியில் செருப்பு வழுக்கியதுபோல.
எழுபத்திரண்டாம் மணி நேரத்தில்
குழி எண் பதினேழு நின்றது.
செத்ததா என்று சாயம் ஊற்றிப் பார்த்தோம்.
பாதிக்கு மேல் உயிரோடுதான் இருந்தன.
துடிக்கவில்லை, அவ்வளவுதான்.

குணராஜனுக்குக் காய்ச்சல் வந்தது
நடமாட்டத் தடை இருந்த ஓர் ஆகஸ்ட்டில்.
பிறைத் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்.
பதினோரு நாள். ஆக்சிஜன் தேவைப்படவில்லை.
லேசான பாதிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.
லேசு.
அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தார்.
ரைபிள் ரேஞ்சில் எங்கள் வீடு பதினான்காம் மாடி.
மின்தூக்கி மாதத்துக்கு இரண்டு தடவை பழுதாகும்.
அரிசி மூட்டையைத் தோளில் போட்டு
பதினான்கும் விசிலடித்தபடி ஏறியவர்
இப்போது ஒன்பதில் நிற்கிறார்.
ஒன்பதில் குடியிருக்கும் ஆ லெக்
வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்தார்.
யாருக்கென்று சொல்லவில்லை.

ஆர்.என்.ஏ. முடிவுகள் வெள்ளிக்கிழமை வந்தன.
பத்தாயிரத்துக்கும் மேல் மரபணுக்கள்,
வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள்.
குரல் கூடியது சிவப்பு. அடங்கியது நீலம்.
காவலுக்கு இருப்பவை அத்தனையும் சிவப்பு,
திருடன் எந்த அறையில் என்று தெரியாமலே
விசில் ஊதிக்கொண்டிருந்தன.
தசையைச் சுருக்குகிறவை நீலம்.
இழையை இழையோடு கட்டுகிறவை நீலம்.
அடுப்பு மூட்டும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆட்கள்
நீலம், நீலம், அடுத்த பக்கமும் நீலம்.
தன்னைக் காத்துக்கொள்ளும் அவசரத்தில்
செல் தன் வேலையைக் கைவிட்டிருந்தது.

என்னை உறுத்தியது வேறு.
அழிந்தது ஒன்றுமில்லை.
துடிக்கும் வழி டி.என்.ஏ.வில்
ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது.
அந்தப் பக்கத்தைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

அன்று இரவு பேருந்தை விட்டிறங்கி நிமிர்ந்தேன்.
அடுக்குமாடி முழுக்கக் கட்டங்கள்:
எரியும் சன்னல், எரியாத சன்னல்.
எரியாத வீட்டில் யாரும் இல்லை என்றாகாது,
தூங்கலாம், மின்கட்டணத்துக்குப் பயந்திருக்கலாம்.
பதினான்காம் மாடி, இடமிருந்து ஆறாவது: இருட்டு.
மின்தூக்கிக் கதவில் 'ரோசாக்' அட்டை.
ஏறினேன்.

ஒன்பதில், நாற்காலியில் அவர்.
மடியில் இரண்டு மீ கோரெங் பொட்டலம், ஆறிப்போய்.
"எவ்வளவு நேரமா?"
"இப்பத்தான்."

ஆராய்ச்சி அறிக்கையின் கடைசிப் பத்தியை
இன்று மதியம் நான்தான் எழுதினேன்:
தட்டில் நடப்பது உடலிலும் நடக்கும் என்று
இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.
சரியான வாக்கியம். திருத்தவும் மாட்டேன்.
அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.
எண்ணக் கூடாது என்றுதான் பிடித்தேன்.
நூற்று நான்கு.

"உன் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"
தட்டைத்தான் அப்படிக் கேட்பார்.
"பாதி துடிக்குது."
"மீதி?"
"இருக்கு. அதுவும் இருக்கு."

ஆ லெக்கின் கதவு ஒரு சாண் திறந்தது.
ஹொக்கியன் நாடகச் சத்தமும்
அதன் பின்னால் இன்னொரு நாற்காலியும் வெளியே வந்தன.
மாடி இன்னும் ஐந்து இருந்தது.
ரப்பர் வளையத்தைக் கழற்றி
பொட்டலத்தைப் பிரித்தோம்.