இரண்டு இருக்கை

நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், பி-11 என்று எழுதிய தூணோரம்
உறை போர்த்திக் கிடக்கிறது என் மாஸ்டா.
தொண்ணூற்றாறாம் ஆண்டு வண்டி. கூரை மடங்கும்.
வெள்ளவத்தைக் கடற்காற்று
அதன் கதவு விளிம்பைப் பொறுமையாகத் தின்கிறது.

வாங்கியது முப்பத்திரண்டு லட்சத்துக்கு.
இறக்குமதித் தடை வந்தது.
நின்ற இடத்தில் நின்றபடியே எழுபத்தைந்து ஆனது.
பதினெட்டு வருடமாக மற்றவர்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறவள் நான்;
இதை இலாபம் என்று எழுதக் கை வராது.
ரூபாய் படுத்தது,
பக்கத்தில் நின்ற வண்டி உயரமாய்த் தெரிந்தது.

கிருபாகரனுக்கு விருப்பமில்லை.
அப்படிச் சொல்லவும் மாட்டார்.
"பிள்ளையள் ரெண்டு, நாங்கள் ரெண்டு, சீற் ரெண்டு" என்பார்,
மிச்சத்தை நீயே கழித்துப் பார் என்பது போல.
ஞாயிறுக்கு முறை வைத்திருக்கிறோம்:
அகரன், மிதுனா, பிறகு அவர்.
அவருடைய முறை வரும்போது
அவருக்குத் தலையிடி வரும்.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் சுகிர்தா:
"அந்தக் காசுக்கு இங்க ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கலாம்."
"நான் இருக்கிறது இங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
இணைப்புச் சரியில்லை என்று குறை சொன்னோம்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார்
கிளட்ச் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"மிஸ், இது பொம்பிளைப் பிள்ளை பெத்த மாதிரி. செலவு நிக்காது."
ரசீது கேட்டேன்.
அதற்குத்தான் அவர் கூடச் சிரித்தார்.

வரிசைக் காலத்தில்
காலி வீதியில் இரண்டு இரவு இதற்குள் தூங்கினேன்.
முன்னால் மீன் லொறி. பின்னால் முச்சக்கர வண்டி.
"மெடம், ரேஸுக்கா?" என்றார் பின்னால் நின்றவர், சிங்களத்தில்.
"ஓம். மூன்று நாளாய் ஓடுறம்,
இன்னும் முதல் வளைவு வரேல்லை."
சுடுதண்ணிப் போத்தலிலிருந்து பிளேன்டீ ஊற்றித் தந்தார்.
அந்த மூன்று நாள் மட்டும்
எல்லோரும் ஒரே கட்சியில் இருந்தோம் என்று நினைக்கிறேன்.
பெற்றோல் வந்தது. கட்சி உடைந்தது.

போன புதன்,
யாரோ ஒரு அமைச்சர் போகவென்று
பம்பலப்பிட்டிச் சந்தியில் எங்களை மறித்தார்கள்.
இப்படி மறிக்கமாட்டோம் என்றவர்களுக்குத்தான் வாக்குப் போட்டேன்.
பொலிஸ்காரன் வந்தான். இருபத்தைந்து இருக்கும்.
அனுமதிப்பத்திரத்தில் என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான்.
நீளமான பெயர், நேரமெடுத்தது.
"பொனட்டைத் திறங்க."

தொண்ணூற்றேழில் இதே சந்தி.
அப்பாவின் மொரிஸில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
உள்ளே என் கணக்கியல் கொப்பிகளும் ஒரு பலாப்பழமும்.
பலாப்பழத்தைச் சுற்றிச் சுற்றி டோர்ச் அடித்தார்கள்.
வீடு வரும்வரை அப்பா பேசவில்லை.
அன்றைக்கு அதை யாரும் வெட்டவுமில்லை.

நெம்பைத் தேடிய கை
என்னைக் கேட்காமலே நடுங்கியது.
பொனட் எழுந்தது. குனிந்தான்.
"ஆயிரத்து எண்ணூறா? நூறைத் தொட எத்தனை செக்கன்?"

"எட்டரை" என்றேன்.
பிறகு, தொழில் நேர்மைக்காக,
"இப்ப பழசு. ஒன்பது எண்டு வையுங்கோ."
படமெடுக்கலாமா என்று கேட்டான்,
அண்ணனுக்குக் காட்டவாம்.
அதற்குள் அமைச்சர் போய்விட்டார்,
பதினொரு வாகனங்களில். எண்ணினேன், பழக்கதோஷம்.

நாடு மாறிவிட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள்.
ஒரு பையனுக்கு எஞ்சின் பிடிக்கும்.
அவ்வளவுக்குத்தான் என்னிடம் வவுச்சர் இருக்கிறது.

இரவு கிருபாகரனிடம் சொன்னேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு,
"பிலாப்பழத்தைப் பிறகு என்ன செய்தனியள்?" என்றார்.
நினைவில்லை.

நாளை மறுநாள் அவருடைய முறை.
இன்று வெள்ளி.
தலையிடி இன்னும் தொடங்கவில்லை.