உள்ளே விடக்கூடாதவை

இரவு பதினொன்றரை. கேலாங், பதினேழாம் லோரோங்.
இரும்பு மூடியைக் கம்பியால் நெம்புகிறான் ஷொஃபிகுல்.
முதலில் ஏறிவருவது நாற்றமில்லை, வெப்பம்.
பிறகுதான் மற்றது.

கேமராவுக்குக் குட்டிச் சக்கரங்கள் உண்டு.
வடத்தோடு அதை இறக்கிவிட்டு
வண்டிக்குள் திரைமுன் உட்காருவேன்.
பதினாறு வருடமாய் இந்த ஊரை
நான் அடியிலிருந்துதான் பார்க்கிறேன்.

இருபத்திரண்டாம் மீட்டரில் நின்றுவிட்டது.
குறுக்கே ஒரு வெள்ளைச் சுவர்:
பன்றிக்கொழுப்பு, வாத்துக்கொழுப்பு, பொரித்து மிஞ்சிய பாமாயில்,
அத்தனையையும் நாராய்ப் பின்னிப் பிடித்திருக்கும்
குழந்தை துடைக்கும் ஈரத்தாள்கள்.
பெயரில்தான் தாள். இழுத்தால் கிழியாது.

காப்பிக்கடைக்காரர் ஹெங் கைலியோடு வெளியே வந்தார்.
"மிஸ்ஸி, வெந்நீர் ஊத்தினோம்லா,
எல்லாம் போயிடுச்சு."
போகவில்லை, அங்கிள்.
சூடு ஆறும்வரை நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.
கொழுப்புப் பொறியைத் திறந்து காட்டச் சொன்னேன்.
அதன்மேல் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

இதே வேலையில் முன்பு கண்டவை:
மேல்வரிசைப் பொய்ப்பல் ஒன்று.
புது வீட்டுக்குத் தரை போட்டவர்கள் கழுவிவிட்ட சிமெண்டுப்பால்,
குழாய்க்குள் போய் இறுகி
இன்னொரு குழாயாகியிருந்தது.
மாப்பின் தலை. பாதி ஊதிய பலூன்.
விழாத நாலு நம்பர்ச் சீட்டுகளை
ஆயிரக்கணக்கில் கிழித்துப் போட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும்.
அவை ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.
நல்ல தாள், கரைந்துவிடுகிறது.

"மழை பெய்தா அடிச்சிட்டுப் போயிடாதா?"
மழைக்கு வேறு வழி, அங்கிள். நமக்கு வேறு வழி.
நம்முடையது ஆழச் சுரங்கத்தில் சாங்கிக்குப் போகும்.
அங்கே வடிகட்டி, மறுபடி வடிகட்டி,
புதுநீராகி ஒருநாள் திரும்பிவரும்.
ஹெங் கையிலிருந்த தேநீரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
அபராதத்தைவிட அந்தப் பார்வையை நான் நம்புகிறேன்.

நாலு மணிக்கு வீடு. பிடோக், ஒன்பதாம் மாடி.
குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில்
இளஞ்சிவப்புச் சிரப், பாதிப் புட்டி.
பக்கத்தில் பதினான்கு மாத்திரை.
சேவியர் போய் ஏழு மாதம்.

"டாய்லெட்டுல ஊத்தி ஒரு தண்ணி விடுங்க, அண்ணி,
ஒரு நிமிஷ வேலை" என்கிறாள் அவர் தங்கை ரெஜினா.
அவள் சொல்வதில் தப்பில்லை. ஒரு நிமிஷம்தான்.
கொழுப்பு கரையாது, அதனால் ஆகாது.
மருந்து கரையும், அதனால்தான் ஆகாது.
கண்ணுக்குத் தெரியாமல்
கூட்டத்தோடு கூட்டமாய் நடந்துவரும்.
இதை ஹெங்குக்குச் சொல்வதுபோல
அவளுக்கும் சொன்னேன்.
சொன்னபோது குரல் உடையவில்லை,
அலுவலகக் குரல்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று உண்டு.
விதியின் அடுத்த வரி எனக்குத் தெரியும்:
பையில் இறுகக் கட்டு, குப்பையில் போடு, எரியுலைக்குப் போகட்டும்.
ஏழு மாதமாய் அந்த முதல் வரியைக் காட்டியே
அடுத்த வரிக்குப் போகாமல் இருந்தேன்.

இன்று காப்பிச் சக்கையை அள்ளினேன்.
மாத்திரைகளை உடைத்து அதில் கலந்தேன்.
சிரப்பையும் ஊற்றிப் பிசைந்தேன்,
கை ஸ்ட்ராபெர்ரி வாசம் அடித்தது, அவருக்குப் பிடிக்காத வாசம்.
ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகள், மூன்று முடிச்சு.
சமையலறைச் சுவரின் குப்பைக் கதவைத் திறந்து
விட்டேன்.

ஒன்பது மாடியும் கேட்டது.

பிறகு கை கழுவப் போனேன்.
தொட்டியின் சல்லடையில் நேற்றைய தேயிலை கிடந்தது.
முதலில் அதை எடுத்துப் போட்டுவிட்டு
குழாயைத் திறந்தேன்.