கால் மாத்திரை

பிளேடு பட்டதும் பாதி நொறுங்கிப் போச்சு.
தூளை விரலில் தொட்டு நக்கினேன்,
ஸ்டான்லி டாக்டரம்மா கணக்கில்
எத்தனை மில்லிகிராமோ.

ஒன்பது வருஷம் தின்றது.
"சட்டுனு நிறுத்தினா சாஞ்சிடுவீங்க, நாகபூஷணம்."
மெல்லக் குறைத்தும்
விடிகாலையில் விரல் மடங்கவில்லை,
தோசைக் கரண்டி யாருடையதோ.

ஸ்கேனில் என் இடுப்பெலும்பு
எண்ணூர் உப்புக்காற்று அரித்த கிராதி.

கன்னத்து வீக்கம் வடிகிறது.
ரேஷன் கடை ஏசுபாதம்
கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து
"இப்பதான்க்கா நீங்க" என்கிறான்.
வலியும் அப்படித்தான் அடையாளம் கண்டுகொண்டது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கு.
பைக்குகள் எல்லாம் திட்டுகின்றன.
டேங்கர் ரயிலே, அவசரமில்லை.
வெயிலில் கொஞ்சம் நிற்கச் சொன்னார்கள்,
நிற்கிறேன்.