எழுதாத எண்

ஜெஸீமா, கிண்ணியா, வயது இருபத்தாறு.
திருமலை ஆஸ்பத்திரிப் பதிவறையில்
மூன்று வருடத்துக் கோப்பு.

முதலில் தலைச்சுற்று. ஆர் நாற்பத்திரண்டு,
நான்தான் போட்டேன்.
பிறகு களைப்பு. அதற்கும் ஓர் எண்.
பிறகு, உடுப்புக் காயப்போடத் தூக்கினால்
இடக்கை செத்துப்போகுதாம்.
நேர்ஸ் பிரஷர் மெஷினைத் திட்டி
இன்னொன்று கொண்டுவந்தா.
அதுவும் வாய் திறக்கவில்லை.

"இந்தக் கையில நாடி இல்ல" என்றாராம் டொக்டர்.
மோவாயைத் தடவி
"இருக்கே" என்றாளாம்.

நேற்று ஸ்கேன் வந்தது:
பெருநாடிச் சுவர் தடித்து,
கைக்குப் பிரியும் கிளை நூலாய்.
தகயாசு.
எம் முப்பத்தொன்று புள்ளி நான்கு.
பதினொரு வருடத்தில் நான் எழுதாத எண்.

பழையதை அழிக்கக் கூடாது, விதி.
தலைச்சுற்று தலைச்சுற்றாகவே கிடக்கும்.

உட்துறைமுகத்தில் ஒரு படகு
ஸ்டார்ட் ஆகாமல் இருமுகிறது.
எழுதி முடித்தும்
என் இடது மணிக்கட்டை விடவில்லை
வலக்கை விரல்கள்.